சின்னப் பெட்டியில் யாருக்கு எத்தனை மில்லிமீட்டர்?



கொஞ்சம் நீண்ட பதிவு. கம்ப்யூட்டர் சேர்ப்பதில் ஆர்வம் இல்லாதவர்கள் இத்தோடு நகர்ந்துவிடலாம். ஆனால் "கேமிங் பிசி வேணும்" என்று வீட்டில் ஒரு பிள்ளை நச்சரித்துக்கொண்டிருந்தால் நின்று படித்துவிட்டுப் போங்கள். ஒன்றரை லட்ச ரூபாய் விஷயம்.

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். இருவர் பழைய மாணவர்கள், ஒருவன் அக்காள் பேரன். "சார், மினி ஐடிஎக்ஸ் கேபினட். மூணு ஸ்லாட் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியாச்சு. கூலருக்கு ஐம்பது மில்லிமீட்டர்கூட மிஞ்சல. பரவாயில்லையா?" கார்டை வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள், கவனியுங்கள். மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னப் பெட்டியில் பணம் பூராவையும், இடம் பூராவையும் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சின இடுக்கில் ஒரு கூலரைச் செருகுவது இன்று வழக்கமாகிவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது ஒத்துவராத வழக்கம். யாருக்கு ஒத்துவரும் என்பதையும் சொல்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பெட்டி முழுவதையுமே "சிபியு" என்பார்கள். உண்மையில் சிபியு என்பது உள்ளே இருக்கும் ப்ராசஸர் சில்லு மட்டும். அதன் தலைமேல் உட்கார்ந்து சூட்டை இறக்குவது கூலர். படத்தையும் விளையாட்டையும் திரையில் வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. அதற்குத் தனி ஃபேன், தனிக் குளிர்விப்பு. மினி ஐடிஎக்ஸ் என்பது 170-க்கு 170 மில்லிமீட்டர் அளவுள்ள மதர்போர்டு. 2001-ல் தைவானின் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு இது. கார்டு செருக ஒரே ஒரு ஸ்லாட்தான் இருக்கும். சாதாரண ஏடிஎக்ஸ் போர்டு 305-க்கு 244. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், பாதிக்கும் கீழே வருகிறது.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். பத்து லிட்டர் அளவுள்ள பெட்டிகளில் பெரும்பாலும் "சாண்ட்விச்" அமைப்பு இருக்கும். நடுவில் ஒரு தகடு. ஒரு பக்கம் மதர்போர்டும் கூலரும், மறுபக்கம் கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டையும் ரைசர் என்ற பட்டையான கேபிள் இணைக்கும். பெட்டியின் அகலம் மாறாது. கார்டு தடித்தால் கூலர் குட்டையாக வேண்டும், கூலர் உயர்ந்தால் கார்டு மெலிய வேண்டும். ஒரே பாயில் இரண்டு பேர் படுத்த கதைதான்.

இதை அப்பட்டமாகக் காட்டும் பெட்டி ஸ்வீடனின் ஃப்ராக்டல் டிசைன் 2023-ல் வெளியிட்ட டெர்ரா. 10.4 லிட்டர். நடுத்தகட்டை நாமே நகர்த்திக்கொள்ளலாம். கார்டின் தடிமனுக்கு 43 முதல் 72 மில்லிமீட்டர் வரை இடம், கூலரின் உயரத்துக்கு 77 முதல் 48 வரை. கூட்டிப் பாருங்கள்: 43-ம் 77-ம் 120. 72-ம் 48-ம் 120. ஆறாம் வகுப்புக் கணக்கு. இரண்டின் கூட்டுத்தொகை 120, எப்படிப் பிரிப்பது? பிரிப்பது நம் கையில் என்று அந்த நிறுவனம் விட்டிருக்கிறது. நல்ல காரியம். நம் பிள்ளைகள் அதைப் பிரிக்கும் விதத்தில்தான் எனக்கு வழக்கு.

இந்த 120-ல் என்னென்ன பொருந்தும் என்று பார்ப்போம். கடையில் "ஸ்லாட்" என்று சொல்லும் அளவு 20.32 மில்லிமீட்டர். இரண்டு ஸ்லாட் கார்டு என்றால் ஏறக்குறைய 40. இரண்டரை என்றால் 50. மூன்று என்றால் 60 சொச்சம். இந்தப் பக்கம் கூலர்கள்: நாக்டுவாவின் என்ஹெச்-எல்9 வகை 37 மி.மீ., தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 பெயரில் உள்ளபடியே 47, ஐடி-கூலிங் ஐஎஸ்-55 என்பது 57, தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி120-எக்ஸ்67 என்பது 67, நாக்டுவா என்ஹெச்-எல்12எஸ் 70. ஆக இரண்டரை ஸ்லாட் கார்டு வைத்தால் 67 மி.மீ. கூலருக்கு வழி இருக்கிறது. மூன்று ஸ்லாட் வைத்தால் 57. அதற்கும் மேல் தடித்த கார்டு என்றால் 47-ல் வந்து நிற்போம். நடுத்தகடு படிப்படியாகத்தான் நகரும், ஆகவே கணக்கில் ஒன்றிரண்டு மில்லி மீதம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 47-க்கும் 67-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம், இருபது மில்லிதானே என்கிறான் பேரன். இங்கேதான் இயற்பியல் வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்காது.

கூலர் என்பது மூன்று அடுக்கு. கீழே ப்ராசஸரைத் தொடும் தட்டும் செம்புக் குழாய்களும். நடுவில் அலுமினியத் தகடுகள். மேலே ஃபேன். 37 மி.மீ. கூலரில் ஃபேன் மட்டும் 14. மிச்சம் 23. அதிலும் அடித்தட்டு, குழாய் வளைவு, மதர்போர்டில் துருத்திக்கொண்டிருக்கும் உதிரிகளுக்கான இடைவெளி எல்லாம் போனால், சூட்டைக் காற்றிடம் ஒப்படைக்கும் தகடுகளுக்குக் கிடைப்பது சொற்பம். ஃபேனின் தடிமனும் அடித்தட்டின் தடிமனும் கூலர் வளர வளரக் கூடிக்கொண்டே போவதில்லை. ஆகையால் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு மில்லியும் ஏறக்குறைய முழுதாகத் தகடுகளுக்கே போகிறது. 37-லிருந்து 47-க்குப் போனால் உயரம் கால்வாசிக்குச் சற்று மேல் கூடுகிறது, தகடுகளின் பரப்போ அதைவிட வெகுவாகக் கூடிவிடும். 60-ஐத் தாண்டினால் 92 மி.மீ. ஃபேனை விட்டு 120 மி.மீ. ஃபேனுக்குப் போகலாம். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும். சத்தம் குறைவதற்குக் காரணம் அதுதான். ஆனால் 67-லிருந்து 77-க்குப் போவதில் இதே அளவு லாபம் கிடைக்காது. பசித்தவனுக்கு முதல் இட்லி வேறு, எட்டாவது இட்லி வேறு.

கார்டுக்கும் இதே நியாயம்தான். 200 வாட் கார்டுக்கு இரண்டு ஸ்லாட் தாராளமாகப் போதும். என்விடியா தானே தயாரித்த ஆர்டிஎக்ஸ் 4070 ஃபவுண்டர்ஸ் எடிஷன் 244 மி.மீ. நீளம், 112 மி.மீ. உயரம், இரண்டே ஸ்லாட். அதே 200 வாட் சில்லுக்கு மற்ற நிறுவனங்கள் மூன்று ஸ்லாட்டை நெருங்கும் கார்டுகளையும் செய்தன. மேல் மாடலுக்குச் செய்த குளிர்விப்பானைக் கீழ் மாடலுக்கும் மாட்டினால் அவர்களுக்குச் செலவு மிச்சம். கண்ணாடிக்குப் பின்னால் பெரிதாகத் தெரிந்தால் வாங்குபவருக்கும் ஒரு திருப்தி. பெரிய பெட்டியில் அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. பத்து லிட்டர் பெட்டியில் அந்தக் கூடுதல் இருபது மில்லி கூலரின் தட்டிலிருந்து எடுத்த சோறு.

ஆக, கடைசிப் பத்து மில்லி எந்தப் பக்கம் அதிகப் பலன் தருமோ அந்தப் பக்கம் அதைத் தள்ளுங்கள். நடுத்தர கார்டுக்காரர்களுக்கு அந்தப் பக்கம் அநேகமாகக் கூலர் பக்கமாகத்தான் இருக்கும். இரண்டு அல்லது இரண்டரை ஸ்லாட் கார்டு, 60-லிருந்து 70-க்குள் ஒரு கூலர். என் தேர்வு இது.

இதில் நம் ஊர்க் கோடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கம். யூட்யூபில் வெளிநாட்டுக்காரர் சோதித்துக் காட்டும்போது அறை வெப்பம் பெரும்பாலும் 20-லிருந்து 25 டிகிரிக்குள் இருக்கும். அவருடைய 22 டிகிரி அறையில் ப்ராசஸர் 72 டிகிரி காட்டினால், காற்றைவிட 50 டிகிரி கூடுதல் என்று பொருள். கூலரின் திறமையைச் சொல்வது அந்த 50-தான். ஏசி இல்லாத சென்னை அறையில் மே மாத மாலையில் 36 டிகிரி என்று வையுங்கள். அதே கூலர், அதே வேலை, 86 டிகிரி. பெட்டிக்குள் காற்று தேங்கினால் இன்னும் கூடும். ரைசன் 7000 வரிசை ப்ராசஸர்களில் பலவற்றுக்கு உச்ச வரம்பு 95 டிகிரி. அதை எட்டினால் சில்லு எரிந்துவிடாது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகத்தை அது திருப்பி எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஃபேன் போடும் சத்தத்தில் பக்கத்து அறையில் சீரியல் பார்க்கும் அம்மா எழுந்து வந்துவிடுவார். ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்திருப்பவருக்கு 47 மி.மீ. கூலர் போதும் என்றால் அவருக்குப் போதும். விழுப்புரத்தில் இருப்பவன் அவர் வீடியோவைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

பெங்களூரில் இருக்கும் மாணவர் ஒருவர் சண்டைக்கு வருவார் என்று தெரியும். "சார், கேம் விளையாடும்போது ப்ராசஸர் முழு மூச்சாக வேலை செய்வதே இல்லையே" என்பார். நியாயமான வாதம். ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற சில்லுக்குப் பெட்டியில் 120 வாட் என்று போட்டிருந்தாலும் விளையாட்டில் அதைவிட மிகக் குறைவாகவே இழுக்கும். விளையாட்டு மட்டும்தான், வேறு வேலையே இல்லை என்பவர்கள் இப்படிப்பட்ட சில்லை வைத்துக்கொண்டு, தடித்த கார்டும் 47 மி.மீ. கூலருமாகப் போகலாம். அவர்களுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பயாஸில் போய் ப்ராசஸரை 65 வாட் ஈகோ மோடில் வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

ஆனால் என்னிடம் கேட்ட மூவரில் ஒருவர் வீடியோ எடிட்டிங் செய்து சம்பாதிக்கிறார், இன்னொருவர் நிரல் எழுதுபவர். இரவெல்லாம் ரெண்டர் ஓடும்போதும், பெரிய ப்ராஜெக்டைக் கம்பைல் செய்யும்போதும் ப்ராசஸரின் எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும். அங்கே கூலருக்குக் கொடுக்காத இடம் ஒவ்வொரு வேலையிலும் நிமிடங்களாகப் போகும். இதில் ஒருவர் கோர் ஐ9 13900கே-யைப் போட நினைத்தார். அதன் உச்ச மின்சாரம் 253 வாட். அதன் தலையில் 47 மி.மீ. கூலரை வைப்பது, கல்யாணப் பந்திச் சமையலை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் செய்வது போல. ரைசன் 5 7600 போன்ற 65 வாட் வகைச் சில்லுகள் முழு உழைப்பிலும் 88 வாட்டுக்கு மேல் போகாதபடி வரம்பு கட்டப்பட்டவை. 60-க்கு மேற்பட்ட கூலர் கிடைத்தால் அவை நம் கோடையிலும் பதறாது.

பெட்டிக்குள் காற்று எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபேனுக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்கும் இடையில் நிறைய இடம் விட்டால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டை போட்ட தகடு என்றால் அப்படி இல்லை. ஃபேன் தகட்டை ஒட்டி இருந்தால் வெளிக்காற்றை நேராக உறிஞ்சும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் தான் துப்பிய சூட்டுக்காற்றையே சுற்றி இழுத்துக் குடிக்க ஆரம்பிக்கும். அதற்காக முட்டிக்கொண்டு இருந்தால் இரைச்சல். சில மில்லி இடைவெளி விட்டு, மிச்ச இடத்தை ஃபேனைச் சுற்றி ஃபோம் பட்டை ஒட்டி அடைத்துவிடுவது நல்ல வழி. பத்து ரூபாய் ஃபோம் செய்யும் வேலையை ஆயிரம் ரூபாய் ஃபேன் செய்யாது. தகட்டில் தூசி வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மாதம் ஒருமுறை திறந்து ஊத வேண்டியதுதான்.

தடிமன் மட்டும் பார்த்து ஏமாறுவதும் உண்டு. கார்டின் உயரத்தையும் பார்க்க வேண்டும். புதிய கார்டுகளின் 16 முனை பவர் கேபிளைச் செருகின இடத்திலேயே மடக்கக் கூடாது. 35 மி.மீ.யாவது நேராக விட்டுத்தான் வளைக்க வேண்டும் என்று கேபிள் செய்பவர்கள் சொல்கிறார்கள். இடம் இல்லாமல் அழுத்தி மூடினால் முனை சரியாகப் பதியாமல் சூடேறும். இதில் விளையாட வேண்டாம். 137 மி.மீ. உயரக் கார்டு என்றால் 172 என்று கணக்குப் போடுங்கள். மேல்பக்கமாகச் செருகும் கார்டாக இருந்து, பெட்டியில் அந்த இடம் இல்லையென்றால், தடிமன் பொருந்தியும் பயனில்லை.

என்விடியா 2024 கம்ப்யூடெக்ஸில் சின்னப் பெட்டிகளுக்கென ஒரு அளவு வரையறையை அறிவித்தது. நீளம் 304, கேபிள் வளைவையும் சேர்த்து உயரம் 151, தடிமன் 50 மி.மீ. வரவேற்க வேண்டிய காரியம். கேபிளையும் சேர்த்து அளந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது கார்டுக்கு மட்டுமான வரையறை. கூலருக்கு என்ன மிஞ்சும் என்று பெட்டி செய்பவர் சொல்ல வேண்டும். பல நிறுவனங்களின் விளம்பரத்தில் "அதிகபட்சக் கூலர் உயரம்" ஒரு வரி, "அதிகபட்சக் கார்டு தடிமன்" இன்னொரு வரி. இரண்டும் ஒரே நேரத்தில் கிடையாது என்பது எங்கோ மூலையில் பொடி எழுத்தில். பிள்ளைகள் இரண்டு அதிகபட்சத்தையும் நம்பிப் பொருள் வாங்கிவிடுகிறார்கள். ஒரு மாணவருக்கு நான்கு மி.மீ. இடித்தது. கார்டைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் மறுத்துவிட்டார், சீல் உடைந்துவிட்டதாம். கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? பெட்டியின் அட்டையிலேயே "இரண்டும் சேர்ந்து இத்தனை" என்று ஒரே எண்ணைப் பெரிதாக அச்சடித்திருந்தால் அந்தப் பணம் முடங்கியிருக்காது. கார்டு செய்பவர்களும் "2.5 ஸ்லாட்", "2.7 ஸ்லாட்" என்று சொல்வதை நிறுத்திவிட்டு மில்லிமீட்டரில் சொல்லட்டும். துணி எடுக்கப் போகிறவனிடம் யாராவது "இரண்டேமுக்கால் சட்டை" என்பார்களா?

மெலிந்த கார்டில் பெரிய சூட்டை இறக்க முடியாது என்ற சாக்கும் இனி எடுபடாது. ஆர்டிஎக்ஸ் 5090 ஃபவுண்டர்ஸ் எடிஷன் 575 வாட் கார்டு, இரண்டே ஸ்லாட். சர்க்யூட் போர்டை நடுவில் சின்னதாகச் சுருக்கி, இருபுறமும் காற்று ஊடுருவிப் போக வழி விட்டிருக்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும், நம்மில் யாரும் வாங்கப் போவதில்லை. அப்படி ஊடுருவும் காற்று சாண்ட்விச் பெட்டியின் நடுத்தகட்டில் முட்டும் என்ற சிக்கலும் இருக்கிறது. மனம் வைத்தால் மெலிதாகச் செய்ய முடியும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

"இவ்வளவு தொல்லை எதற்கு, பெரிய பெட்டியாக வாங்கு" என்று மாப்பிள்ளைகள் சொல்வது காதில் விழுகிறது. விடுதியில் நாலு பேர் தங்கும் அறையில் இருக்கும் பிள்ளைக்கும், ஊருக்கும் வேலை இடத்துக்கும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைபவருக்கும் அது பதிலாகாது. ஆனால் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் யோசிப்பதில்லை. கூலர் மாஸ்டர் என்ஆர்200 போன்ற 18 லிட்டர் பெட்டிகள். அங்கே சாண்ட்விச் இல்லை. கார்டு கீழே, கூலர் மேலே. கூலருக்கு 155 மி.மீ., கார்டுக்கு 330 மி.மீ. நீளமும் மூன்று ஸ்லாட்டும். ஒருவர் இடத்தை ஒருவர் பறிக்க வேண்டியதில்லை. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ சரியாக 155, உள்ளே போய்விடும். நாக்டுவா என்ஹெச்-யு12எஸ் 158, மூன்று மில்லியில் போகாது. அதே பெட்டியின் பி வகையில் கார்டைக் கண்ணாடிப் பக்கமாக நிமிர்த்தி வைத்து அழகு பார்த்தால் கூலருக்கு 76-தான் மிஞ்சும். அழகுக்கு விலை எழுபத்தொன்பது மில்லி!

அங்கும் ஒரு சின்னத் தொல்லை. கார்டின் முதுகுக்கும் கூலருக்கும் இடையில் விரல் நுழையாது. கார்டை எடுக்க ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள சின்னப் பூட்டை அழுத்த வேண்டும், அது கூலருக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை விடாதீர்கள், சறுக்கினால் போர்டு போச்சு. பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். கார்டின் முதுகுவழியே வெளியேறும் சூட்டைக் கூலர் உறிஞ்சும் என்பதால் பின்புறமும் மேலேயும் ஃபேன் வைத்து அதை வெளியே தள்ளிவிடுங்கள். இது பத்து லிட்டர் பெட்டியைவிட எவ்வளவோ எளிதான வேலை. முதன்முதலாகச் சேர்ப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

தண்ணீர்க் கூலரைப் பற்றிக் கேட்பீர்கள். அதற்கும் ரேடியேட்டர் வைக்க இடம் வேண்டும், அதைக் கார்டின் நீளத்திலிருந்தோ வேறு எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். இறுக்கமான பெட்டியில் பம்ப் நின்றுபோனால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நான் பரிந்துரைப்பதில்லை.

இன்னும் வாங்காதவர்கள் என்னிடம் கேட்கும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள். பெட்டியில் கார்டுக்கும் கூலருக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை மில்லி? வாங்க நினைக்கும் கார்டின் தடிமன், நீளம், கேபிளோடு சேர்ந்த உயரம், எல்லாம் மில்லிமீட்டரில். ப்ராசஸர் உச்சத்தில் எத்தனை வாட்? அறையில் ஏசி உண்டா இல்லையா? அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன். எண் எதுவும் இல்லாமல் "சார், இது செட் ஆகுமா?" என்று வருபவர்களுக்குப் பதில் வராது. கார்டை ஏற்கெனவே வாங்கிவிட்ட மூவரில் இருவர் சீலை இன்னும் உடைக்கவில்லையாம். நாளைக் காலை கடை திறந்ததும் போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.